வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அண்ணி,

காலையிலிருந்து வீடு முழுக்க மரத்தூள் வாசனை. ஒட்டுப் போட்ட பழைய குளியலறைக் கதவு அடியில் உளுத்துப் போய்விட்டது, புதுக் கதவு போட ஆசாரியை வரச் சொல்லியிருந்தோம். மத்தியானத்துக்கு மேல் நிலையில் கதவைப் பொருத்திவிட்டு, கையில் இரண்டு தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு அவர் கேட்டார். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. எந்த உயரத்துல வைக்கட்டும்மா?"

எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வெளியே ஒன்று இல்லாவிட்டால் கதவு காற்றில் அடித்துக்கொண்டே கிடக்கும். ஆனால் நான், "வீட்டுக்காரர் வரட்டும், நீங்க டீ குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பெயர்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் உள்ளேயும் தாழ்ப்பாள் கிடையாது, வெளியேயும் கிடையாது. அதை அந்த மனிதரிடம் எப்படி விளக்குவது? உங்களிடம் என்றால் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களை முதன்முதலில் பார்த்தது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகுக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிற மெஸ் நடத்துகிறவர், மாப்பிள்ளைக்கு அக்கா என்று சொல்லியிருந்தார்கள். குரலைக் கேட்டதும் புரிந்தது. மீன் ஏலம் போடுகிறவர்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என்னிடம், "இவன் பேசமாட்டான். பேசலியேன்னு கோச்சுக்காத. குடியும் கெடையாது, ஊர் சுத்தலும் கெடையாது. வேல உட்டா வீடு" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் தலையாட்டினேன். வீட்டிலேயே இருக்கிற ஆள் ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது.

ஏன் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஏழு வயதில் அம்மா பிரான்சுக்குப் போனாள். அங்கே குடியேறிவிட்ட ஒரு புதுச்சேரிக் குடும்பத்துக்குச் சமைத்துப்போட, பிள்ளை பார்க்க. நம் ஊரில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் என்னிடம் சொல்லாமல் போனாள். "போயி தலைக்குக் குளிச்சிட்டு வா, கோயிலுக்குப் போலாம்" என்றாள். நான் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது காலையில் வாசலில் வந்து நின்ற கார் இல்லை, அம்மாவும் இல்லை. சித்தி என்னை இடுப்போடு பிடித்துக்கொண்டாள். அவள் கையைக் கடித்து ரத்தம் வர வைத்தேனாம். அம்மா திரும்பி வந்தபோது நான் வயதுக்கு வந்திருந்தேன். சென்ட்டு வாசனையோடு ஒரு அம்மாள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

இப்படிப்பட்ட நானும் அப்படிப்பட்ட உங்கள் தம்பியும் அரியாங்குப்பத்தில் ஒரு சின்ன வீட்டில் சேர்ந்தோம். அவருக்குத் தட்டாஞ்சாவடியில் தகரம் வெட்டுகிற பிரஸ் கம்பெனியில் வேலை. நாளெல்லாம் இரும்பு இரும்பின் மேல் விழுகிற சத்தம். வீட்டுக்கு வந்தால் காது விண்விண் என்னும். பேச்சே வேண்டாம் என்று இருக்கும். எனக்கோ நாளெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு அவர் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்காகக் காத்திருக்கும். ஒரு வார்த்தைக்குப் பதில் வரவில்லை என்றால் இன்னும் பத்து வார்த்தை கேட்பேன். சத்தம் ஏறும். அவர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும், அண்ணி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கையால் தட்டுவேன், காலால் உதைப்பேன், செம்பால் இடிப்பேன். "வெளிய வா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயி உள்ள கெட" என்று கத்துவேன். உள்ளே ஒரு மூச்சுச் சத்தம்கூட வராது. பிறகு திடீரென்று கதவு திறக்கும். திறந்தால் அடிதான். முதல்முறை கண்ணுக்குக் கீழே. முகம் ஒரு பக்கம் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டது. அடித்தவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அக்கம்பக்கத்தில் நான் சொன்னதும் எல்லாப் பெண்களும் சொல்வதுதான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

நீங்கள் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். நான் எதிர்பார்த்தது வேறு. நீங்கள் சொன்னது, "அவன் கதவச் சாத்துனா நீ ஏன்டி போயி இடிக்கிற? செத்த நேரம் உட்டா அவனே வரப்போறான்."

அன்றைக்கு உங்களை நான் வெறுத்தேன். குழம்பைச் சாக்கடையில் கொட்டினேன். தம்பிக்கு வெண்ணெய், எனக்குச் சுண்ணாம்பு என்று நினைத்தேன். பாப்பா பிறந்த பிறகும் அது மாறவில்லை. மாதம் ஒரு தடவையாவது கதவு, இடி, அடி. நானும் சும்மா இருந்தவள் இல்லை. அவர் தோளில் என் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு தடவை தோசைக் கரண்டியைச் சுடச்சுட அவர் கையில் வைத்தேன். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் இருந்தது.

பிறகு அந்தக் கம்பெனி ஆட்டம் கண்டது. வரிச் சலுகை முடிந்ததும் முதலாளி மிஷின்களை வேறு மாநிலத்துக்கு ஏற்றத் தொடங்கினான். உங்கள் தம்பியின் பிரஸ்ஸையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவர் என்னிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டுக் கேரியரை வாங்கிக்கொண்டு கிளம்பினார், சாயங்காலம் வந்தார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தார். பாப்பா விளையாட்டுச் சாமானைக் கீழே போட்டால்கூடத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். கூட வேலை பார்த்தவர் மனைவி ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்கு வேற எடம் கெடைச்சிடுச்சா?" என்றாள். மண்ணெண்ணெய் கேனோடு வரிசையில் நின்றேன், என் முறை வந்ததுகூடத் தெரியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இறால் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தீர்கள். நான் உங்களை வைத்துக்கொண்டே கேட்டேன். "தெனம் கேரியர எடுத்துக்கினு எங்க போறீங்க?" அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "எங்க போறீங்கன்னு கேக்குறேன்." கையைக் கழுவாமல் எழுந்தார். குளியலறை. தாழ்ப்பாள்.

எனக்கு முன்னால் அம்மிக் குழவி இருந்தது. அதைத் தூக்கினது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அது எவ்வளவு கனம் என்பது ஞாபகம் இல்லை. முதல் இடியில் கதவின் பலகை பிளந்தது. இரண்டாவது இடியில் துண்டு உள்ளே விழுந்தது. "ஏய் செல்வி, வேணாம்டி" என்று நீங்கள் கத்தினீர்கள். பாப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து நின்றாள், சத்தம் வரவில்லை. அவளை ஒரு கையால் அள்ளித் தெருப்பக்கம் விட்டுவிட்டு நீங்கள் ஓடி வந்த நேரத்தில் கதவு திறந்தது.

அவர் கையில் இரும்பு வாளி. கண் எங்களைப் பார்க்கவே இல்லை. என் தலைக்குத்தான் வந்தது அந்த வீச்சு. நீங்கள் நடுவில் கையை நீட்டினீர்கள். எலும்பு முறிகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கட்டைவிரலுக்கு மேலே உங்கள் கை வேறு ஒரு பக்கம் திரும்பி நின்றது. அவர் மறுபடி வாளியை ஓங்கினார். நீங்கள் பின்வாங்கவில்லை. கத்தவும் இல்லை. அவருடைய முகத்துக்கு நேரே போய் நின்று, பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னீர்கள்.

"நாந்தாண்டா. அப்பா இல்ல. அக்கா. அக்காடா."

வாளி தரையில் விழுந்து உருண்டது. அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை முறியாத கையால் நீங்கள் ஓங்கி ஒரு அறை விட்டீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். என் வாய் தன்னால் "பாத்ரூம்ல" என்று ஆரம்பித்தது. நீங்கள் என் முழங்கையில் இடித்தீர்கள். "பாத்ரூம்ல யாரும் வழுக்கி விழல. என் தம்பி அடிச்சான். பொண்டாட்டிய அடிக்க வந்தான், எம்மேல உழுந்துது. போலீஸ்ல சொல்லணும்னா சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல." வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையால் தன் கழுத்தை மூடிக்கொண்டாள். அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தது. கட்டுப் போட்டு முடியும் வரை நீங்கள் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மாவுக்கட்டு காய்வதற்காக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான் நீங்கள் சொன்னீர்கள். உங்கள் அப்பா மில்லில் ஷிப்டு முடித்துச் சாராயக் கடை வழியாக வருவார். வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம் கேட்டதும் நீங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் விட்டு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுவீர்கள். "மூச்சு காட்டாத. அக்கா வந்து தொறக்குற வரைக்கும் வாயத் தொறக்காத." அப்பா கதவை உதைப்பார், இடுப்பு வாரால் அடிப்பார், கடப்பாரையை எடுத்து வருவார். உள்ளே இருக்கிற பிள்ளை மூச்சு காட்டாது.

"நல்லதுன்னுதான்டி செஞ்சேன். உள்ள இருந்தா அடி உழாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். நீ இடிக்கிறப்போ அவனுக்கு நீ தெரியல."

பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "அதுக்காக நீ அடி வாங்கணும்னு ஒண்ணும் இல்ல. காரணம் தெரிஞ்சா அடி வலிக்காம பூடுமா?"

அப்போது நான் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. தம்பி உள்ளே இருந்தான். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அந்த வாரும் கடப்பாரையும் எங்கே விழுந்தன?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒற்றைக் கையில் உளியை வைத்து, என்னைச் சுத்தியால் அடிக்கச் சொல்லி, உடைந்த கதவிலிருந்து இரண்டு தாழ்ப்பாளையும் பெயர்த்தீர்கள். என்னையும் பாப்பாவையும் உங்கள் மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் ஏறி இறங்குகிற அந்தத் தெருவில்தான் எங்களுக்கு மறுபடி கல்யாணம் நடந்தது என்று சொல்வேன். போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டு விட்ட தம்பியிடம் நீங்கள் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. "சாயங்காலம் வா. பெஞ்சில உக்காரு. சாப்புடு. போறப்போ நாளைக்கு எத்தினி மணிக்கு வருவேன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு வா. அவ்ளோதான். பேசணும்னு இல்ல." எனக்குப் போட்டது அதைவிடக் கஷ்டமானது. நடுவில் போன் பண்ணக் கூடாது. நான் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து என் செல்போனைப் பிடுங்கி அரிசி டிரம்மில் புதைத்தீர்கள். டிரம்முக்குள் அது ஒலிக்கிறதா என்று நான் காதை வைத்துக் கேட்டதை எல்லாப் படகுக்காரர்களிடமும் சொல்லிச் சிரித்தீர்கள்.

முதல் வாரம் அவர் வரும் வரைக்கும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆறு மணி என்று சொன்னவர் ஆறு மணிக்கு வந்து நின்றால் ஏனோ கோபம் வரும். ஆனால் வந்தார். மழையிலும் வந்தார். ஒரு நாள், கேட்காமலே, "லாரில ஏத்தறப்போ நான்தான் போல்ட்ட கழட்டிக் குடுத்தேன்" என்றார். பதினைந்து வருடம் அவர் கை வைத்த மிஷின். நான் அவர் இலையில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன்.

நீங்கள்தான் எங்களை மனநல டாக்டரம்மாவிடமும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அந்த அம்மா நிதானமாகப் பேசினார். பயம் வந்தால் சிலர் ஒட்டிக்கொள்வார்கள், சிலர் ஒதுங்கிக்கொள்வார்கள், சின்ன வயதில் யார் வந்தார்கள் யார் வரவில்லை என்பதிலிருந்து அது வருகிறது, வேலை போவது மாதிரி நெருக்கடி வந்தால் இரண்டு பேருக்கும் அது முற்றிவிடும் என்றார். கையை ஓங்கினால் அந்த நிமிடமே வீட்டை விட்டுக் கிளம்பு என்று எனக்கும் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தீர்கள். சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டியதும், "ஆமா, ஒட்டுறவங்க, ஒதுங்குறவங்கன்னாங்களே. நடுவுல நிக்கிறவங்களுக்கு என்னன்னு சொல்லலியே" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் உங்கள் கோணிப்போன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அது சரியாகச் சேரவே இல்லை. அந்தக் கையால்தான் கடைசி வரைக்கும் சோறு வடித்தீர்கள்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் ஒரு தடவை அவர் கை ஓங்கினார். அடி விழவில்லை. நான் பாப்பாவோடு உங்களிடம் வந்துவிட்டேன், நீங்கள் அவரை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். அத்தோடு சரி. வேறு வொர்க்ஷாப்பில் வேலை கிடைத்தது. கோபம் வந்தால் இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார், வாசலில் நின்று எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். சில நாள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்பேன்.

நீங்கள் அடுப்படியில் சாய்ந்த அந்தக் காலைக்குப் பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மெஸ் வாசலில் உங்களைப் படுக்க வைத்திருந்தோம். பறை அடித்துக்கொண்டிருந்தது. பிறந்த வீட்டுக் கோடித் துணி போட்டால்தான் பாடையைத் தூக்கலாம். கோடி போட வேண்டிய உங்கள் தம்பியைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் உங்கள் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறார். அதற்குள் உங்கள் சித்தப்பா மகன்கள் நாலு பேர் குடித்துவிட்டு வந்து கதவை உதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். "டேய், பொட்டையாடா நீ, வெளிய வாடா." ஒருவன் கையில் கடப்பாரை.

அந்தக் கடப்பாரையைப் பார்த்ததும் நான் பாய்ந்தேன். கதவில் முதுகை வைத்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். கண்ணாடி வளையல் நொறுங்கிக் கையைக் கிழித்தது. "நகரு, எங்க அக்காவுக்கு நேரமாவுது" என்றான். "இந்தக் கதவு மேல கை வச்சா அந்தக் கடப்பாரையாலயே ஒன் மண்டைய ஒடைப்பேன்" என்றேன். ரத்தம் புடவையில் சொட்டியது. உங்களுடைய குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் ஏலக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற சத்தம் அது. அவன் நின்றான்.

அப்போதுதான், நிற்கிற இடத்தை நினைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் உங்கள் தம்பி. எனக்கு முன்னால் கடப்பாரை. சின்ன வயதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்கிற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது, அண்ணி. கேட்க நீங்கள் இல்லை.

கதவைத் தட்டவில்லை. தலையைச் சாய்த்து மெதுவாகக் கேட்டேன். "எத்தினி நேரத்துல வருவீங்க?"

பிறகு உள்ளேயிருந்து, "மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்" என்றார். வந்தார். அவர்தான் கோடி போட்டார். உங்கள் கோணிய கையை நேராக்கிவிடப் பார்த்தார், அது நேராகவில்லை.

இப்போது மணி ஐந்தரை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். ஆசாரி கேட்பது இங்கே கேட்கிறது. "தாப்பா எங்க வைக்கிறது சார்? உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுங்களா?" அவர் என்னை எட்டிப் பார்த்தார். நான் பேனாவோடு எழுந்து போனேன். நடந்ததைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

"வெளிய வேணாம்" என்றார் ஆசாரியிடம். "காத்துல அடிச்சா அடிக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "உள்ள ஒண்ணு வச்சுக்கலாமா செல்வி? பாப்பா பெரிசாயிட்டு வரா" என்று என்னைக் கேட்டார்.

வைக்கச் சொன்னேன்.

திருகி முடித்ததும் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. அதே சத்தம்தான், அண்ணி. என் உள்ளங்கை அரித்தது. எனக்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் நிற்பது மாதிரி, அந்தக் கோணிய கையை நீட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. நான் பேனாவைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

"தோ, தொறந்துடறேன்" என்றார் உள்ளேயிருந்து. திறந்தார்.